எழுப்புப் பாட்டு

அந்தக் காசெட்டை ஒரு பால்மாவு டின்னுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தது ரேடியோ மாமாவின் மகள். ரேடியோ மாமா என்றால் வானொலியில் வேலை பார்த்தவர் இல்லை. எங்கள் வட்டாரத் தோட்டங்களில் கல்யாணமோ கருமாதியோ திருவிழாவோ, எதுவானாலும் ஒலிபெருக்கி கட்ட வருகிற மனிதர். போன வருடம் காலமாகிவிட்டார். வீட்டைக் காலி செய்யும்போது குப்பைக்குப் போகவிருந்த சாமான்களில் இது மட்டும் தப்பியிருக்கிறது. "அப்பா உங்க பேர எழுதி வச்சிருக்காருண்ணே, அதான் தூக்கிப் போட மனசு வரல" என்றாள். உறையின் மேல் நீல மையில் என் பெயர். அதற்குக் கீழே அடிக்கோடு போட்டு, 'கேட்டால் மட்டும் கொடு' என்று எழுதியிருந்தார். நான் கேட்டதே இல்லை. அப்படி ஒரு பதிவு இருப்பதே எனக்குத் தெரியாது.

இந்தக் காலத்தில் காசெட்டைப் போட்டுக் கேட்க எங்கே போவது? என் பழைய காரில்தான் இன்னும் அந்த வசதி இருக்கிறது. அதிலும் ஒரு கோளாறு. உள்ளே காசெட் கிடந்தால், சாவியைத் திருப்பியதும் விட்ட இடத்திலிருந்து தானாக ஓட ஆரம்பித்துவிடும். சரி பார்க்கச் சொன்னால் மெக்கானிக் சிரிக்கிறான், "காரையே மாத்துங்க லா அங்கிள்" என்கிறான். பசார் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டுக் காசெட்டைத் தள்ளினேன். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அழுகை. ஒருவர் இருவர் இல்லை, ஒரு மண்டபம் முழுக்க உட்கார்ந்து அழுகிற சத்தம். மூக்குச் சிந்துகிறார்கள், தேம்புகிறார்கள், "ஐயோ பாவி" என்று ஒரு பெண் யாரையோ ஏசுகிறாள். அந்தப் பாவி நான்தான். அடையாளம் தெரிந்ததும் நிறுத்திவிட்டேன், அன்றைக்கு அதற்கு மேல் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த விஷயம் இது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மலாக்கா டவுனில் ஒரு லோரி கம்பெனி ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. பிறந்து வளர்ந்தது டவுனுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். டவுனுக்குப் போனாலும் தோட்டத்துத் தொடர்பு விடவில்லை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து நாடகக் குழு ஒன்று வைத்திருந்தோம். கதை, பாட்டு, மெட்டு, இயக்கம், கதாநாயகன் எல்லாம் நானே. வேறு யாருக்காவது ஏதாவது தெரியும் என்று நினைக்கிற பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. திமிர் பிடித்த பயல் என்று தோட்டத்தில் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

எங்கள் நாடகத்தின் உயிர் நான் இல்லை. அது டீச்சர். தோட்டத்துப் பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிற பெண், என்னைவிட ஐந்து வயது இளையவள். ஒல்லியாக, சின்னதாக இருப்பாள். மோட்டாரில் வரும்போது தலைக்கவசம்தான் முதலில் கண்ணில் படும். வாயைத் திறந்து பாடினால் மட்டும் அந்த உடம்புக்குள் இத்தனை குரல் எங்கே இருந்தது என்று ஆச்சரியமாக இருக்கும். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தது அவளுடைய அக்கா. விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டி, பொழுது சாய்ந்த பிறகு அடுத்தவர் துணி துவைத்து, தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, தங்கச்சியைப் பள்ளிப் படிப்பின் கடைசியான ஐந்தாம் படிவம்வரை படிக்க வைத்த மனுஷி. தோட்டத்தில் பெரியவர் சின்னவர் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

'வாசல்வரை வந்தவள்' என்ற எங்கள் நாடகத்தின் கதையை நான் அந்த வீட்டிலிருந்துதான் திருடினேன். தங்கச்சியைத் தம்பியாக மாற்றினேன். பால் வெட்டிப் படிக்க வைத்த அக்காளை டவுனுக்குப் போன தம்பி மறந்துவிடுகிறான். தன் கல்யாணத்துக்குக்கூட அழைக்கவில்லை. அக்காள் எப்படியோ கேள்விப்பட்டு, காய்ச்சலோடு, கொட்டுகிற மழையில் நடந்து மண்டப வாசலுக்கு வருகிறாள். தம்பி அவளைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறான். அவள் வாசல் படியிலேயே விழுந்து, மனம் மாறி ஓடி வந்த தம்பியின் மடியில் உயிரை விடுகிறாள். தம்பி வேஷம் எனக்கு. அக்காள் வேஷம் டீச்சருக்கு. தன்னை வளர்த்த அக்காவின் நடையையும் முந்தானையை இழுத்துச் செருகுகிற விதத்தையும் அவள் அப்படியே மேடையில் கொண்டுவந்துவிடுவாள். முன் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற பெரியக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்தச் சாவுக் காட்சிக்கு நாங்கள் செய்யாத அட்டகாசம் இல்லை. இடிக்குத் தகரத் தட்டைத் தொங்கவிட்டு ஒருவன் உலுக்குவான். மழைக்கு முறத்தில் பச்சைப் பயறு. காற்றுக்குத் தொழிற்சாலையிலிருந்து இரவல் வாங்கிய பெரிய காற்றாடி. அதற்கு முன்னால் சாம்பிராணிச் சட்டி வைத்தால் புகை மேடை முழுக்கப் பரவி, முன் வரிசைக் குழந்தைகள் இருமத் தொடங்கும். விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள். விழுந்த பிறகும் டீச்சர் உடனே செத்துவிட மாட்டாள். "தம்பி கல்யாணம் பார்க்க வந்தேன், தண்ணி ஒரு வாய் தாருங்களேன்" என்று தொடங்கி நான்கு சரணம் பாடுவாள். உயிர் போகிறவள் நான்கு சரணம் எப்படிப் பாடுவாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் பாடுவது எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக, மேடைமேல் போட்ட வாசல் படிக்கட்டில் இருந்த பூச்சட்டிக்குள் ஒரு மைக்கை மறைத்து வைத்திருப்பார் ரேடியோ மாமா.

சும்மா சொல்லக் கூடாது, ஜனங்கள் அழுதார்கள். எப்படி அழுதார்கள்! இரண்டாம் சரணத்தில் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். மூன்றாம் சரணத்தில் ஆண்கள் பீடி பற்ற வைக்கிற சாக்கில் வெளியே போவார்கள். ஒரு தோட்டத்தில் ஒரு பாட்டாளி எழுந்து மேடைக்கே வந்து, டீச்சர் வாயில் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டார். அவளும் இரண்டு மிடறு குடித்துவிட்டு மறுபடி செத்தாள். எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி மரியாதை. ஜப்பான் சிலிப்பர் ஒன்று பறந்து வந்து என் காதோரம் பட்டது. நாடகம் முடிந்து கோப்பி குடிக்கப் போனால், கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பால் முடிஞ்சிபோச்சு" என்றார். என் பின்னால் வந்தவனுக்குப் பால் இருந்தது. இதையெல்லாம் நான் டவுனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். எனக்கு அதுதான் பதக்கம். எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் அழுதார்கள், எந்த வரியில் அழுதார்கள் என்று கவனித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை இடியை அந்த இடத்தில் இன்னும் பலமாக உலுக்கச் சொல்வேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. மேடையில் யாராவது செத்தால் அவர்களை மேடையிலேயே எழுப்ப வேண்டும். திரை மூடி மறுபடி திறக்கும். செத்தவர் எழுந்து உட்காருவார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் வயதில் மூத்த ஒரு பெண் ஆலாத்தித் தட்டோடு ஏறி வந்து, மஞ்சள் தண்ணீர் சுற்றி, நெற்றியில் பொட்டு வைப்பார். குழுவே சேர்ந்து ஒரு மங்களம் பாடும். எழுப்புப் பாட்டு என்று அதற்குப் பெயர். அது முடியாமல் ஒரு ஆளும் பாயைச் சுருட்ட மாட்டார்கள். தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எழுப்பியாச்சா? சரி, வா போகலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். வீட்டில் போய்ச் சுற்றிப் போட்டால் போதாதா என்று சின்ன வயதில் பெரியக்காவிடம் கேட்டிருக்கிறேன். "இத்தன பேரு நெஜமா அழுதிருக்காங்கடா. அந்த அழுகைய எங்க கொண்டு போயி வைக்கிறது? அழுதவங்க கண்ணு முன்னால எழுந்திரிச்சாதான் அது கழியும்" என்றாள்.

அந்த வருடம் டவுனில் நாடகப் போட்டி அறிவித்திருந்தார்கள். அதற்கு முந்திய போட்டியில் எங்களுக்குப் பரிசில்லை. தலைநகரத்திலிருந்து வந்த நடுவர் ஒருவர், செத்தவர்கள் எழுந்து வந்து மங்களம் பாடுவது சிறுபிள்ளைத்தனம், நம்மவர்கள் எப்போது வளரப் போகிறார்களோ என்று மேடையிலேயே சொன்னார். சபை சிரித்தது. என் மூக்கு உடைந்து போனது. அன்றே முடிவு கட்டினேன், இனி என் நாடகத்தில் செத்தவள் செத்தவள்தான். மூடிய திரை திறக்காது. போட்டிக்கு முன்னால் சொந்தத் தோட்டத்தில் ஒரு தடவை ஒத்திகையாகப் போட்டுப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தேன்.

டீச்சருக்கு அதில் சம்மதமில்லை. "எழுப்புப் பாட்டு இல்லாம எப்படிண்ணே? அக்கா ஏசும்" என்றாள். நான் சிரித்தேன். "படிச்ச பொண்ணு நீ, பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற. நீயுமா?" என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் சாக்கட்டித் தூளை விரலிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள். "பயமா இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். "ஒரே ஒரு தடவ லா. போட்டி முடியட்டும், அப்புறம் நீ ஆயிரம் தடவ எழுந்திரு" என்றேன். பாட்டு வேண்டாம் என்று குழுவில் எல்லாரிடமும் சொன்னேன். ரேடியோ மாமாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்ட மண்டபத்தில் நாடகம். மறுநாள் விடியலில் எல்லாருக்கும் வேலை என்பதால் பகலிலேயே போடுவதுதான் வழக்கம். ஜன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கினோம். உள்ளே புழுக்கம் தாங்க முடியவில்லை. இடமில்லாமல் வெளியே நின்றவர்களுக்காக ரேடியோ மாமா மாமரத்தில் ஒரு கொம்பு ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார். அன்றைக்கு டீச்சர் பாடியதுபோல் நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. "தண்ணி ஒரு வாய்" என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மண்டபமே கலங்கிப்போனது. தகரத் தட்டை உலுக்குகிறவன்கூட உலுக்க மறந்து அழுதுகொண்டு நின்றான். அவள் தலை என் மடியில் சாய்ந்தது. "அக்கா" என்று நான் அலறினேன். திரை மூடியது. மூடிய திரைக்கு அந்தப் பக்கம் அழுகை நிற்கவில்லை, கீபோர்டுக்காரன் சோகமாக எதையோ வாசித்துக்கொண்டே இருந்தான்.

அவர்கள் போகவில்லை. அழுகை ஓய்ந்தது, விளக்குப் போட்டாயிற்று, ஜன்னல் சாக்கை அவிழ்த்தாயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூடிய திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். "தம்பி, எழுப்புங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். "புள்ளைய எழுப்புங்க!" என்று இன்னொரு குரல். திரை ஓரமாக நான் எட்டிப் பார்த்தேன். பெரியக்கா ஆலாத்தித் தட்டோடு மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் ஓடிப் போய் மறித்தேன். "அக்கா, இது போட்டி நாடகம். இப்படித்தான் முடியும். போட்டி முடிஞ்சதும் சுத்திக்கலாம்" என்றேன். சூடம் அணையும்வரை படியிலேயே நின்றாள். பிறகு மஞ்சள் தண்ணீரைச் சிந்தாமல் தட்டோடு திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். ஜனங்கள் அவளைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவராக எழுந்தார்கள். டீச்சர் பின்பக்கக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று நான் டவுனுக்குத் திரும்பியபோது தலைகால் புரியவில்லை. தே தாரிக் டீக்கடையில் நண்பர்களை உட்கார வைத்துக்கொண்டு, "நாடகம் முடிஞ்சு அரை மணி நேரம், ஒரு ஆளு எழுந்திரிக்கலடா! அப்படியே ஒறஞ்சு போய்ட்டாங்க!" என்று சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். அவர்கள் ஒரு பெண்ணைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அதை என் கலைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது டீச்சர் செத்துப்போனாள். பாலர் பள்ளி விட்டு மோட்டாரில் திரும்பும்போது, தோட்டச் சாலை தார் ரோட்டில் சேருகிற இடத்தில், செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரி. முந்திய இரவு மழை, ரோட்டில் சேறு, சறுக்கியிருக்கிறது. அவ்வளவுதான். நாடகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. இத்தனை வருடமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எழுப்பியிருந்தாலும் லோரி வந்திருக்கும். மூளைக்குத் தெரிகிறது. ஆனால் அந்தச் சந்தியைத் தாண்டும்போதெல்லாம் வாய் தானாக மங்களத்தை முணுமுணுக்கிறது.

சாவு வீட்டில் பெரியக்கா அழவில்லை. தங்கச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவிழாத முந்தானையைத் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள். நான் போய்க் குனிந்து நின்றேன். வீடு முழுக்கப் பெண்கள். அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள், "தம்பி, அன்னிக்கு மேடையில இவ எழுந்திரிக்கணும்னு ஒங்கிட்ட கேட்டாளா?" வீட்டில் இருந்த முணுமுணுப்பெல்லாம் நின்றது. "இல்லக்கா" என்றேன். "அதுவாத்தான் படுத்திருந்துச்சு." பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றி இருந்த பெண்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஒருத்தி எழுந்து வெளியே போனாள். துக்கம் என்று நினைத்தேன்.

போட்டிக்கு நாங்கள் போகவில்லை. டீச்சருக்கு மரியாதையாக விலகிக்கொண்டோம் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மை அது இல்லை. வெட்கத்தை விட்டு, அந்த நான்கு நாளில் மூன்று பெண்களிடம் நான் கேட்டுப் பார்த்தேன். மேடையில் செத்துப் படுக்கிற வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. குழு கலைந்தது. கொஞ்ச வருடத்தில் தோட்டத்தையும் விற்றுவிட்டார்கள், மண்டபம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். ஜனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். கோயிலிலோ கல்யாணத்திலோ யாரையாவது பார்த்தால், நலம் விசாரிப்பார்கள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள், சாப்பிட்டுப் போகச் சொல்வார்கள். நாடகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. மறந்துவிட்டார்கள் போலும் என்று நினைத்து உள்ளுக்குள் நிம்மதிகூடப் பட்டிருக்கிறேன்.

காசெட்டின் மீதியை மறுநாள் கேட்டேன். நான்கு சரணமும் இருந்தது. என் அலறல் இருந்தது. திரையின் வளையங்கள் கம்பியில் ஓடுகிற சத்தம் இருந்தது. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. அழுகை தூரத்தில் கேட்கிறது. மிக அருகில், மூச்சு விடுவதுகூடத் தெரிகிற அருகில், டீச்சரின் குரல். அதுவரை தம்பி தம்பி என்று பாடிச் செத்தவள், "அண்ணே" என்கிறாள். "யாரும் போகலண்ணே. எழுந்திரிக்கவா?" அதற்குப் பிறகு என் குரல். "செத்தவ எழுந்திரிக்க மாட்டா. அப்படியே கெட." சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அந்தச் சிரிப்பும் பதிவாகியிருக்கிறது. "பயமா இருக்குண்ணே" என்று அவள் சொல்கிறாள். "எழுப்புங்கப்பா" என்று யாரோ கத்துகிறார்கள்.

முதலில் அவள் குரலைக் கேட்டுத்தான் அழுதேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு குரல் காதுக்குள் வந்தால் யாருக்குத்தான் தாங்கும்? கண்ணைத் துடைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ரேடியோ மாமா காசெட்டை நேராக ஆம்ப்ளிஃபையரில் இருந்து பதிவு செய்கிறவர். காசெட்டில் விழுந்தது என்றால் அது ஸ்பீக்கரிலும் போயிருக்க வேண்டும். திரை மூடினால் மற்ற மைக்குகளை அணைத்துவிடுவார், ஒன்றை மட்டும் எழுப்புப் பாட்டுக்காகத் திறந்தே வைத்திருப்பார். பாட்டு இல்லை என்று அவரிடம் யார் சொன்னது? பூச்சட்டிக்குள் இருந்த மைக் எல்லாவற்றையும் மண்டபத்துக்குக் கொண்டு போயிருக்கிறது. ஸ்பீக்கர்கள் ஜனங்களைப் பார்த்து இருந்தன, எங்களுக்கு முன்னால் கீபோர்டும் அழுகையும். எங்களுக்குத்தான் கேட்கவில்லை. அவர்கள் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. சாவு வீட்டில் நான் பொய் சொன்னபோது அங்கே இருந்த ஒவ்வொருத்திக்கும் அது பொய் என்று தெரியும்.

பெரியக்கா இப்போது தஞ்சோங் கிளிங்கில் மகள் வீட்டில் இருக்கிறாள். தங்கச்சி போன பிறகு, ஊர் வற்புறுத்தலுக்காகப் பிந்திக் கல்யாணம் செய்துகொண்டவள். மூன்று நாள் தயங்கிவிட்டு ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். முடியெல்லாம் வெளுத்துவிட்டது, முந்தானையைச் செருகுகிற விதம் மாறவில்லை. கோப்பி கொடுத்தாள். நான் காசெட்டை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை என்னை அவள் பார்க்கவில்லை.

"தோட்டமே கேட்டுச்சு தம்பி" என்றாள். "மாமரத்து ஸ்பீக்கர்ல வெளிய நின்னவங்களுக்குக்கூடக் கேட்டுச்சு."

"அப்புறம் ஏங்க்கா சாவு வீட்டுல எங்கிட்ட கேட்டீங்க?"

"நீ ஆமான்னு சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லியிருந்தா ரெண்டு அறை அறஞ்சிட்டு, ஒன்னக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதிருப்பேன். நீ இல்லன்னுட்ட. அப்புறம் நான் யாருகிட்ட போயி அழுவுறது?"

அவள் அன்று ஏன் அழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலில் விழப் போனேன், விடவில்லை. "அந்தக் குரல எனக்குப் போடு" என்றாள். காருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்றேன். "இரு" என்று உள்ளே போனவள் ஒரு தட்டோடு வந்தாள். மஞ்சள் தண்ணீர், வெற்றிலை, அதன்மேல் சூடம். பட்டப்பகலில் வீட்டு வாசலில் என் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து, மடியில் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு, தங்கச்சி நான்கு சரணம் பாடுவதைக் கேட்டாள். எதிர்வீட்டுப் பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தான். திரை வளையங்கள் ஓடின. "அண்ணே, யாரும் போகலண்ணே. எழுந்திரிக்கவா?" நான் சட்டென்று நிறுத்தினேன்.

"சொல்லு" என்றாள் பெரியக்கா.

"எழுந்திரிம்மா" என்றேன். "எழுந்திரி டீச்சர். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க." பிறகு எழுப்புப் பாட்டைப் பாடினேன். குரல் எழும்பவில்லை, இரண்டாவது அடி மறந்துவிட்டது, அவள் எடுத்துக் கொடுத்தாள். சூடத்தைக் கொளுத்தி, காரின் காசெட் பெட்டிக்கு முன்னால் மூன்று தடவை சுற்றினாள். இறங்கிப் போய் மஞ்சள் தண்ணீரை ரோட்டில் ஊற்றினாள். அப்போதுதான் அழுதாள். வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக, வாய்விட்டு அழுதாள். மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். வயதான கை, வலிக்கவில்லை.

எல்லாம் கழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். நெஞ்சு லேசாக இருந்தது. கண்ணாடியை இறக்கி, "வர்றேங்க்கா" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். காசெட்டை எடுக்க மறந்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து அது தானாக ஓடியது. "செத்தவ எழுந்திரிக்க மாட்டா" என்று இருபத்தெட்டு வயதில் நான் சிரித்தேன். "அப்படியே கெட." கை போய் நிறுத்துவதற்குள் முழுதும் சொல்லி முடித்துவிட்டேன். காலித் தட்டோடு பெரியக்கா கேட்டருகே நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்தாள்.

"பாத்துப் போ தம்பி" என்றாள். "ரோடு ஈரமா இருக்கு."